மலைத்தேனீக்கூடு கலைந்த கிராம ஓட்டம்: மேலூர்ப் பகுதியில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வின் பொருள்

மதுரைக்கு வடகிழக்கே, மேலூர்ப் பக்கம், பாறைக்குன்று ஒன்றின் அடிவாரத்தில் உள்ள சிற்றூர் அது. வெளியூர்க்காரர்களுக்காக அங்கே நடந்த ஓட்ட, நடை நிகழ்வின்போது மலைத்தேனீக்கூடு கலைந்து 34 பேர் கொட்டு வாங்கினார்கள். அதில் இருவர் உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போய் மீண்டார்கள். குன்றில் கூடு இருப்பது ஏற்பாட்டுக் குழுவுக்கு முன்கூட்டியே தெரியும். அந்தத் தகவல் யார் யாரிடம் போய்ச் சேர்ந்தது, யாரிடம் சேரவில்லை என்பதுதான் இந்த ஆய்வின் மையம். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் மலையேற்றம், மிதிவண்டிப் பயணம், ஓட்டம் என எதை நடத்துபவருக்கும் இதே சிக்கல் வரலாம் என்பதால் விவரங்களைக் கூடியவரை முழுமையாகத் தருகிறோம். ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரும் வெளியூர்க் கூட்டம் வாடிவாசலைப் பார்த்துவிட்டு மறுநாளே திரும்பிவிடுகிறது. கிராமங்களில் ஓரிரு நாள் தங்கிப் போக அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் இந்த நிகழ்வு. ஜல்லிக்கட்டுக் காலத்தில் காவல்துறையும் ஆம்புலன்சும் ஓய்வில்லாமல் இருக்கும். அதனால் பிப்ரவரி கடைசி ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார்கள். அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும், கண்மாயில் ஓரளவு தண்ணீர் இருக்கும், காலை வெயில் இன்னும் கடுமையாகியிருக்காது. நாளைப் பொறுத்தவரை இது நல்ல தேர்வு.

10 கி.மீ. ஓட்டத்துக்கு 140 பேரும் 5 கி.மீ. நடைக்கு 85 பேரும் பதிவு செய்திருந்தார்கள். பாதிக்கு மேல் மதுரை நகரத்தார், மற்றவர்கள் சென்னை, கோவை, பெங்களூரிலிருந்து வந்தவர்கள். நடைக்குப் பதிந்தவர்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களும் சிறுவர்களும் நிறைய. காலைச் சாப்பாடு ஊர் மகளிர் சுய உதவிக் குழுவின் பொறுப்பு: கம்பங்கூழ், குழிப்பணியாரம், பருத்திப்பால். ஊராட்சியின் ஒப்புதல், காவல் நிலையத்தின் எழுத்துமூல அனுமதி, வனத்துறைக்குத் தகவல் என்று காகித வேலைகள் முறையாக நடந்திருந்தன.

ஓட்டப் பாதை பள்ளி மைதானத்தில் தொடங்கி, கண்மாய்க் கரையில் ஏறி, கலுங்கைக் கடந்து, வயக்காட்டு வண்டிப்பாதையில் போய், 6-வது கி.மீ.யில் குன்றின் கிழக்கு அடிவாரத்தைத் தொட்டு, 7.5-இல் தண்ணீர்ப் பந்தலைத் தாண்டி ஊருக்குள் திரும்பும். நடைப் பாதை எதிர்ப்பக்கமாக நேரே அடிவாரத்துக்குப் போய் அதே பந்தலைத் தொட்டுத் திரும்பும். இரண்டு கூட்டமும் சந்திக்கும் ஒரே இடம் அந்தப் பந்தல்தான். குன்றின் பாறைமுகம் பின்னணியில் முழுசாகத் தெரிவதும் அங்கிருந்துதான். பந்தலுக்கு அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க அந்த அழகே காரணமாக இருந்தது.

கூட்டைப் பற்றி முன்பே தெரிந்திருந்தது

நிகழ்வுக்குப் பதினைந்து நாள் முன்பு குழுவினர் காலை ஆறரை மணிக்குப் பாதையை நடந்து பார்த்தார்கள். பாறையின் கிழக்கு முகத்தில், முன்னுக்குத் துருத்தி நிற்கும் விளிம்புக்கு அடியில், தரையிலிருந்து சுமார் 40 அடி உயரத்தில் ஐந்து கூடுகள் தொங்கின. பந்தலுக்குக் குறித்த இடம் அங்கிருந்து 90 மீட்டர். தேனீக்கள் அசையாமல் கறுப்புத் துணி போர்த்தியது போல அடையை மூடியிருந்தன. அதைப் பார்த்தவர்கள் அமைதியான கூடுகள் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மலைத்தேனீ, அதாவது ஏபிஸ் டார்சாட்டா, பெட்டியில் வளர்க்கிற அடுக்குத்தேனீ மாதிரி பொந்துக்குள் கட்டாது. திறந்தவெளியில் ஒற்றை அடையாகத் தொங்கவிடும். ஓர் அடை ஒரு மீட்டருக்கும் மேல் அகலம் போகும், அதில் பல்லாயிரம் தேனீக்கள் இருக்கும். சுவரும் மறைப்பும் இல்லாததால் கூட்டுக்குக் காவல் தேனீக்களின் உடம்புதான். பல அடுக்காக ஒன்றின்மேல் ஒன்று தொற்றி, அடையையே ஒரு திரை போல மூடியிருக்கும். குளவியோ பறவையோ நெருங்கினால் அந்தத் திரையில் அலை அலையாக ஒரு மினுக்கம் ஓடும். தேனீக்கள் வயிற்றுப் பகுதியைச் சட்டென மேலே தூக்கி இறக்குவதால் வருவது அது. பாறையை வெறுங்கண்ணால் பார்க்கிறவருக்கு அந்த மினுக்கம்தான் முதல் எச்சரிக்கை. அது தொடர்ந்து ஓடினால் கூடு ஏற்கெனவே தொந்தரவுக்கு உள்ளாகியிருக்கிறது என்று பொருள்.

இன்னொன்று, இந்தத் தேனீ இடம் மாறிக்கொண்டே இருக்கும். பூ இருக்கும் பக்கம் கூட்டமாக வந்து இறங்கும், பூ முடிந்தால் அடையை விட்டுவிட்டுப் போய்விடும். முருங்கையும் வேலிக்கருவையும் பூக்கும் பருவத்தில், இன்று ஐந்து கூடு இருக்கும் பாறையில் இரண்டு வாரம் கழித்து எத்தனை இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நிகழ்வுக்கு மறுநாள் எண்ணியபோது அங்கே ஒன்பது கூடுகள் இருந்தன.

பாதை பார்த்த அன்று ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் குழுவினரிடம் சொன்னது குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது: "வெயில் ஏறிருச்சுன்னா அங்கிட்டு ஆட்டை ஓட்ட மாட்டோம் தம்பி. சத்தம் கித்தம் ஆகாது. பருந்து வந்து அடையில அடிச்சாலே போதும், கீழ நிக்கிறவனைத்தான் புடிக்கும்." அவர் சொன்னது தேன்பருந்தைப் பற்றி. அது அடையைக் குத்திப் பிய்த்துக்கொண்டு பறந்துவிடும், கோபம் கீழே நிற்கிற ஆள்மேலோ மாட்டின்மேலோ இறங்கும். மதுரைப் பக்கக் குன்றுகளில் கூடு கலைவதற்கு ஊரார் சொல்லும் காரணங்களில் பருந்து, வெடி, புகை மூன்றும் எப்போதும் இருக்கும்.

இதைக் கேட்ட குழு மூன்று முடிவுகள் எடுத்தது. தொடக்கத்தில் வெடி வெடிப்பதில்லை. ஒலிபெருக்கி பள்ளி மைதானத்தோடு சரி, அடிவாரத்தில் இல்லை. பாதையை மாற்றுவதில்லை, 90 மீட்டர் போதும். முதல் இரண்டும் சரியானவை, கடைப்பிடிக்கவும் பட்டன. மூன்றாவதற்குக் காரணம், மாற்றுப் பாதை தார்ச்சாலையில் 1.2 கி.மீ. போகும், அங்கே கிரானைட் லாரிகள் ஓடும் என்பது. லாரியா தேனீயா என்று எடைபோட்டு லாரியைத்தான் பெரிய ஆபத்தாகக் கருதினார்கள். அந்த நேரத்து அறிவுக்கு அது பொறுப்பில்லாத முடிவு அல்ல. ஆனால் 90 மீட்டர் என்ற எண் எதை வைத்து வந்தது என்பதற்குக் குறிப்பேட்டில் ஒரு வரிகூட இல்லை. கலைந்த மலைத்தேனீ நூறு மீட்டருக்கு மேல் துரத்துவது சாதாரணம். இந்த நிகழ்வில் சுமார் 350 மீட்டர் வரை துரத்தியது.

பெரியவர் சொன்னதில் நேரம், சத்தம், பருந்து என்று மூன்று செய்திகள் இருந்தன. குழு எடுத்துக்கொண்டது சத்தத்தை மட்டும். பருந்து என்றால் மேலே பறந்து அடைக்கு அருகே போகிற எதுவும் என்று யாரும் விரித்துப் பார்க்கவில்லை.

நிகழ்வு நாள்

ஓட்டம் காலை 6:15-க்கும் நடை 6:45-க்கும் தொடங்கின. 6:30 வாக்கில் சூரியன் எழுந்ததும் கிழக்கு நோக்கிய பாறைமுகத்தில் நேரே வெயில் விழுந்தது. கிழக்கிலிருந்து மெல்லிய காற்று. பாதையிலும் பந்தலிலும் நிற்பவர்களின் வியர்வை, வாசனைத் தெளிப்பான், பழ வாசம் எல்லாம் பாறைப் பக்கமாகவே போய்க்கொண்டிருந்தன.

பந்தலில் மூன்று தன்னார்வலர்கள், இரண்டு பெரிய தண்ணீர்க் கேன்கள், எலுமிச்சைச் சாறு, பாதியாக வெட்டிய வாழைப்பழம் இரண்டு தாம்பாளம். முதலுதவிப் பெட்டியில் கட்டுத்துணி, வலித் தெளிப்பான், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள். செவிலியர் ஒருவரும் வாடகைக்கு அமர்த்திய ஆம்புலன்சும் அதில் ஒரு மருத்துவரும் 2.5 கி.மீ. தள்ளிப் பள்ளி மைதானத்தில் இருந்தார்கள்.

வாழைப்பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தேனீ கொட்டும்போது கொடுக்கிலிருந்து வெளிப்படும் எச்சரிக்கை வேதிப்பொருள்களில் ஒன்றான ஐசோபென்டைல் அசிட்டேட்தான் பழுத்த வாழைப்பழத்தின் வாசனையிலும் இருக்கிறது. கூடு கலைந்ததற்கு இது காரணம் என்று சொல்ல ஆதாரம் இல்லை, நாங்கள் அப்படிச் சொல்லவும் இல்லை. தேனீ வளர்ப்பவர்கள் பெட்டிக்கருகே வாழைப்பழம் தின்னமாட்டார்கள். அந்தப் பழக்கத்தை இங்கேயும் பின்பற்றுவதால் எந்த நட்டமும் இல்லை.

7:32-க்கு, படமெடுக்க அமர்த்தப்பட்ட ட்ரோன் இயக்குநர் பந்தலுக்குப் பக்கத்திலிருந்து ட்ரோனை ஏற்றினார். நடைக்கூட்டம் முன்னாலும் பாறை பின்னாலும் வரும்படி எடுக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. கூடுகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அவர் முந்தைய நாள் மாலைதான் ஊருக்கு வந்தார், பாதை பார்த்தவர்களோடு அவருக்குப் பேச்சே இல்லை. பறக்கவிடும் இடத்துக்கான வான்வெளி அனுமதியை அவர் சரியாகப் பார்த்திருந்தார். ஆனால் ட்ரோன் விதிகள் 2021 கேட்பது விமான நிலையத் தூரம், உயரம், எடை போன்றவற்றை. பாறையில் என்ன தொங்குகிறது என்பதை அவர் கேட்டிருந்தால்தான் தெரிந்திருக்கும், அல்லது யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

ட்ரோன் பாறைமுகத்தை ஒட்டிப் பக்கவாட்டில் நகர்ந்தது. இரண்டாம் முறை போனபோது கூடுகளுக்குச் சுமார் பத்து மீட்டர் நெருங்கியது. விசிறியின் இரைச்சலும் காற்றடிப்பும் அடையில் பட்டன. கையிலிருந்த கருவியின் காட்சித் திரையில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள் பறப்பதைப் பார்த்ததும் இயக்குநர் செய்தது, எந்த இயக்குநரும் இயல்பாகச் செய்வதுதான். திரும்பி வரும் பொத்தானை அழுத்தினார். ட்ரோன் கிளம்பிய இடத்துக்கே வந்து இறங்கியது. துரத்தி வந்த தேனீக்களும் அதே இடத்துக்கு வந்தன. அங்கே அப்போது ஏறத்தாழ 45 பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மணி 7:38.

இந்த ஆறு நிமிடத்தில் நடந்ததில் மிக முக்கியமானது கடைசிப் பகுதி. ட்ரோன் கூட்டைக் கலைத்தது உண்மை. ஆனால் கலைந்த தேனீக்களைக் கூட்டத்துக்கு நடுவே கொண்டுவந்து சேர்த்தது அதன் தானியங்கித் திரும்புதல்தான். வயக்காட்டின் தூர மூலையில் அதை இறக்கியிருந்தால் எண்ணிக்கை மிகக் குறைந்திருக்கும்.

முதல் இருபது நிமிடங்கள்

யாரோ "படுங்க, படுத்துக்கோங்க" என்று கத்தினார். சிலர் படுத்தார்கள். அது தவறான ஆலோசனை. தேனீ ஒருவரைக் கொட்டியதும் கொடுக்கு தோலிலேயே தங்கிவிடுகிறது, அதிலிருந்து எழும் வாசனை மற்ற தேனீக்களுக்கு இலக்கைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. அசையாமல் இருந்தால் தப்பிக்கலாம் என்பது கலைவதற்கு முன்பு சரி. கொட்டத் தொடங்கிய பின் ஒரே வழி, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, கையால் அடிக்காமல், கூட்டுக்கு எதிர்த்திசையில் நிற்காமல் ஓடுவது. மூடிய வண்டியோ வீடோ கிடைக்கும் வரை ஓட வேண்டும். இரண்டு மூன்று தேனீ கூடவே உள்ளே வந்தாலும் பரவாயில்லை, கதவைச் சாத்திவிட வேண்டும்.

நடைக்கூட்டத்தில் இருந்த உள்ளூர் இளைஞர் ஒருவர் இதைச் சரியாகச் செய்தார். "எல்லாரும் என் பின்னாடி வாங்க, திரும்பிப் பாக்காதீங்க" என்று சொல்லி இருபது பேருக்கு மேல் ஊர்ப்பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடினார். வழியில் நின்ற பள்ளி வேனுக்குள் சிறுவர்களை ஏற்றிக் கண்ணாடிகளை மூடச் சொன்னார். அந்த இருபது பேரில் பத்துக் கொட்டுக்கு மேல் வாங்கியவர் யாரும் இல்லை.

ஒருவர் கண்மாய்த் தண்ணீரில் கழுத்தளவு இறங்கினார். தேனீக்கள் தண்ணீருக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்து, மூச்சுக்காகத் தலை தூக்கும்போதெல்லாம் தலையிலும் காதிலும் கொட்டின. நீச்சல் தெரியாதவராக இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

58 வயதுப் பெண் ஒருவர் உழவுசாலில் கால் இடறி விழுந்தார். எழ முடியவில்லை. கூழ்ப் பானையைக் கொண்டுவந்திருந்த மகளிர் குழுப் பெண்கள் இருவர், பந்தலின் கூரைத் தார்ப்பாயை ஒரு பக்கக் கயிற்றோடு பிடுங்கி, அவர்மேல் போர்த்தி, தாங்களும் அதற்குள் நுழைந்து நாலு ஓரத்தையும் காலால் மிதித்துக்கொண்டார்கள். உள்ளே மாட்டிய தேனீக்களை ஒவ்வொன்றாக நசுக்கினார்கள். பன்னிரண்டு நிமிடம் அப்படியே இருந்தார்கள். அதற்கு முன்பே அந்தப் பெண்மணிக்கு எழுபதுக்கு மேல் கொட்டு விழுந்திருந்தது. ஆனாலும் அந்தத் தார்ப்பாய் இல்லையென்றால் எண்ணிக்கை நூறுகளில் போயிருக்கும் என்று பின்னர் பார்த்த மருத்துவர் சொன்னார். அந்த இரண்டு பெண்களுக்கும் யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

ஊர் ஆண்கள் சிலர் பனையோலையும் வைக்கோலும் கொண்டுவந்து பாறைக்கு அடியில் புகை போடக் கிளம்பினார்கள். ஊராட்சிப் பிரதிநிதி தடுத்து, புகையைப் பாறைக்கடியில் போடாமல் ஆட்கள் ஒதுங்கியிருந்த களத்துமேட்டில் போடச் சொன்னார். இது மிக நல்ல முடிவு. கூட்டுக்குக் கீழே புகை போட்டால் கலையாத மற்றக் கூடுகளும் கிளம்பும். மனிதர்கள் நிற்கும் இடத்தில் போட்ட புகை, துரத்தி வந்தவற்றை விலக்கியது.

பின்னால் வந்துகொண்டிருந்த ஓட்டக்காரர்கள் பதினெட்டுப் பேர். 6-வது கி.மீ. தன்னார்வலருக்குக் கைப்பேசி சமிக்ஞை கிடைக்கவில்லை. இருசக்கர வண்டியில் ஒருவர் கண்மாய்க்கரை வழியாகச் சுற்றிப்போய் அவர்களை நிறுத்தித் திருப்பியனுப்பினார். இருவர் மட்டும் அதற்குள் கடந்துவிட்டிருந்தார்கள்.

இரண்டு நோயாளிகள், இரண்டு வேறு ஆபத்துகள்

பந்தலில் இருந்த 24 வயதுத் தன்னார்வலருக்கு விழுந்தது நான்கே கொட்டு. 7:41-க்குக் கொட்டியது. 7:46-க்குக் குரல் கம்மி, தொண்டை அடைப்பதாகச் சொன்னார். உடம்பெங்கும் தடித்தடியாக எழும்பியது. நண்பர்கள் இருவர் அவரை மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்து 7:49-க்குப் பள்ளிக்குக் கிளம்பினார்கள். அதே நேரத்தில் பள்ளியிலிருந்த ஆம்புலன்ஸ், தகவல் கேட்டு 7:52-க்கு வேறு வழியாகப் பந்தலை நோக்கிக் கிளம்பியது. இரண்டு வண்டியும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.

7:56-க்குப் பள்ளியில் இறக்கி நிற்கவைத்ததும் இளைஞர் மயங்கி விழுந்தார். கடும் ஒவ்வாமையில் ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் சரிகிறது. அந்த நிலையில் உட்காரவைப்பதும் திடீரென எழுப்பி நிறுத்துவதும் இதயத்துக்கு வரும் ரத்தத்தை இன்னும் குறைக்கும். கிடத்தி, காலை உயர்த்தி வைப்பதே முறை. மூச்சுத் திணறல் அதிகமானால் முதுகைச் சாய்த்து அமரவைக்கலாம், நடக்கவைக்கவே கூடாது.

செவிலியர் தன் பெட்டியில் இருந்த அவில் என்ற ஒவ்வாமை எதிர்ப்பு ஊசியையும் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தையும் போட்டார். இரண்டும் பயன் உள்ளவைதான், ஆனால் இந்த நிலையில் உயிர் காப்பது அட்ரினலின் மட்டுமே. அது ஆம்புலன்சில் போய்விட்டிருந்தது. தொலைபேசியில் திருப்பி அழைத்து 8:05-க்கு மருத்துவர் 0.5 மி.கி. அட்ரினலினைத் தொடையின் வெளிப்புறத் தசையில் போட்டார். ரத்த அழுத்தம் எழும்பாததால் 8:11-க்கு இரண்டாம் முறை 0.5 மி.கி. அதன்பின் குரல் திரும்பியது, நாடி கிடைத்தது. அறிகுறி தொடங்கியதிலிருந்து அட்ரினலினுக்கு 19 நிமிடம் ஆகியிருந்தது. இது ஆபத்தான தாமதம். அறிகுறிகள் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம் என்பதால் அரசு மருத்துவமனையில் ஒரு நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள்.

58 வயதுப் பெண்மணிக்கு ஒவ்வாமை இல்லை. மூச்சும் அழுத்தமும் சரியாகவே இருந்தன. வாந்தியும் தலைசுற்றலும் மட்டும். "இவங்க தேறிட்டாங்க" என்று பலரும் நினைத்தார்கள். இங்கே ஆபத்து நஞ்சின் அளவில் இருந்தது. அதிக அளவுத் தேனீ நஞ்சு தசையையும் சிவப்பணுவையும் சிதைக்கும், அந்தச் சிதைவு சிறுநீரகத்தில் போய் அடைக்கும். இது வெளியே தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகலாம். ஐம்பதுக்கு மேல் கொட்டு வாங்கியவரை எவ்வளவு தெளிவாகப் பேசினாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஆம்புலன்ஸ் மருத்துவர் இதில் உறுதியாக நின்று, குடும்பத்தார் மறுத்தும் 108-இல் மதுரைக்கு அனுப்பினார். மறுநாள் சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனது. நரம்பு வழித் திரவம் கொடுத்து, ரத்தச் சுத்திகரிப்பு தேவைப்படாமலே ஐந்தாம் நாள் வீடு திரும்பினார்.

மற்றவர்களில் ஏழு பேர் மருத்துவமனையில் சில மணி நேரக் கண்காணிப்புக்குப் பின் அனுப்பப்பட்டார்கள். பள்ளியிலேயே கொடுக்குகளை எடுக்கும் வேலை நடந்தது. கிள்ளி எடுக்கக் கூடாது, வழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று நீண்ட நேரம் வாக்குவாதம். கொடுக்கோடு ஒட்டியிருக்கும் நஞ்சுப்பை அரை நிமிடத்துக்குள் பெரும்பாலான நஞ்சைச் செலுத்திவிடும், ஆகவே எப்படி எடுத்தாலும் சரி, உடனே எடுப்பதே முக்கியம். ஊர்க்காரர்கள் அன்போடு தடவிய சுண்ணாம்பு நஞ்சை முறிக்கவில்லை. அதோடு, கொட்டுகளை எண்ணவும் கொடுக்கைக் கண்டுபிடிக்கவும் மருத்துவமனையில் முதலில் அதைக் கழுவ வேண்டியிருந்தது. சோப்புத் தண்ணீரும் குளிர்ந்த ஈரத்துணியும் போதும்.

அதன் பின்

8:10-க்கு நிகழ்வு நிறுத்தப்பட்டது. அன்று மாலையே பதிவு செய்த அனைவருக்கும் நடந்ததை மறைக்காமல் எழுதி அனுப்பினார்கள். எத்தனை கொட்டுக்கு மேல் என்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டும், சிறுநீர் நிறம் மாறினால் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதில் இருந்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுக் கோவைக்காரர் ஒருவர் மறுநாள் அங்கே பரிசோதனைக்குப் போனார். மகளிர் குழுவுக்குப் பேசிய தொகை முழுவதும் கொடுக்கப்பட்டது.

செவ்வாய்க்கிழமை மந்தையில் ஊர் கூடியது. கூடுகளை இரவில் தீ வைத்து எரித்துவிடலாம் என்று ஒரு தரப்பு பலமாகப் பேசியது. ஊராட்சி மறுத்தது. பிழைத்த தேனீக்கள் பல நாள் ஊருக்குள் சுற்றும், பூ இருக்கும்வரை அதே பாறைக்கு வேறு கூட்டம் வரும், முருங்கையும் மாவும் காய்ப்பது இவற்றால்தான் என்பவை அங்கே சொல்லப்பட்ட காரணங்கள். இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-இல் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி இதே மேலூர்ப் பகுதியில்தான் இருக்கிறது. லகர் வல்லூறு, ராஜாளி போன்ற பறவைகள் இந்தப் பகுதிக் குன்றுகளில் கூடு கட்டுகின்றன. பாறைமுகத்தை ஒட்டி ட்ரோன் விடுவதும் தீ வைப்பதும் தேனீயோடு நிற்பதில்லை. வெளியூர்க்காரர் இந்த ஊருக்கு வருவதே இவற்றுக்காகத்தான்.

அடுத்த முறைக்கு மாற்றப்பட்டவை

தூரம்: பாறைமுகம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் 300 மீட்டருக்குள் யாரையும் நிறுத்துவதில்லை. கடந்து போகலாம், கூடக் கூடாது. தண்ணீர்ப் பந்தல் ஊர்ப்பக்கமாக 600 மீட்டர் நகர்ந்துவிட்டது. நடைப் பாதை அடிவாரத்தைத் தொடுவதே இல்லை, கண்மாய்க்கரையோடு திரும்பிவிடும். ஓட்டக்காரர்கள் அடிவாரத்தை 7:00-க்குள் கடந்தாக வேண்டும். பிந்துபவர்களை 5-வது கி.மீ.யில் குறுக்குப் பாதையில் திருப்பிவிடுவார்கள்.

கூடு பார்ப்பது: ஒரு வாரம் முன்பு, முந்தைய நாள் நண்பகலில், நிகழ்வன்று காலை 5:45-க்கு என்று மூன்று முறை. நண்பகல் பார்வைதான் முக்கியம், கூட்டின் சுபாவம் வெயிலில்தான் தெரியும். தொலைநோக்கியால் 300 மீட்டருக்கு வெளியே இருந்து பார்த்து, கூடுகளை எண்ணி, மினுக்கம் ஓடுகிறதா, பருந்து சுற்றுகிறதா, அடியில் புதிதாகப் பிய்ந்து விழுந்த அடை கிடக்கிறதா என்று எழுத வேண்டும். இந்த வேலைக்கு அந்த ஆடு மேய்க்கும் பெரியவரைச் சம்பளத்தோடு அமர்த்தியிருக்கிறார்கள். "இன்று வேண்டாம்" என்று அவர் சொல்லிவிட்டால் அடிவாரப் பகுதி அன்று ரத்து. அந்த அதிகாரம் எழுத்தில் இருக்கிறது.

ட்ரோன்: பாறையிலிருந்து 500 மீட்டருக்குள் கிடையாது. இயக்குநர் பாதை பார்க்கும் நாளில் உடன் வர வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே சேர்ந்துவிட்டது. தேனீ துரத்தினால் கிளம்பிய இடத்துக்குத் திருப்பக் கூடாது. ஆளில்லாத வயலில் இறக்கிவிட்டு, மாலை வரை எடுக்கப் போகக் கூடாது. ட்ரோன் உடைந்தால் அதன் விலை நிகழ்வுக் கணக்கில் சேரும் என்று முன்பே பேசிக்கொண்டார்கள். இது பேசப்படாவிட்டால் எந்த இயக்குநரும் பொத்தானை அழுத்தத்தான் செய்வார்.

மருந்து: அட்ரினலின் இப்போது இரண்டு இடத்தில் இருக்கிறது, ஆம்புலன்சில் ஒன்று, நிலையாக நிற்கும் செவிலியரிடம் ஒன்று. ஒவ்வொரு பெட்டியிலும் 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள குப்பி ஐந்து, 1 மி.லி. ஊசிக்குழல் பத்து, தசைக்குள் போகிற அளவு நீளமான ஊசி பத்து. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் இந்த மருந்து கெட்டுவிடும். நிறம் மாறியிருந்தால் பயன்படுத்தக் கூடாது. பனிக்கட்டியில் நேரே படாமல், துணி சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைக்கிறார்கள். பெரியவர்களுக்கும் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் 0.5 மி.கி., 6 முதல் 12 வயது வரை 0.3 மி.கி., ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மீண்டும் அதே அளவு என்று பெட்டி மூடியின் உட்புறத்தில் தமிழில் ஒட்டியிருக்கிறது. போடுவது மருத்துவரோ செவிலியரோ மட்டும். நோயாளியை வண்டியில் கொண்டுபோகாமல் மருந்தை நோயாளியிடம் கொண்டுவர வேண்டும் என்று தன்னார்வலர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது.

பந்தல்தோறும் இரண்டு தார்ப்பாய், நான்கு கனமான போர்வை, முகவலை வைத்த தொப்பி ஆறு. வாழைப்பழத்துக்குப் பதில் கடலைமிட்டாயும் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும். கைப்பேசி எடுக்காத இடங்களுக்கு வாக்கிடாக்கி. பதிவுப் படிவத்தில் பூச்சிக்கடி ஒவ்வாமை பற்றிய கேள்வி, ஆம் என்றவருக்கு மணிக்கட்டில் சிவப்பு நாடா. முந்தைய இரவு தங்குபவர்களுக்கான முகாமில் பாறையை நோக்கி ஒளி விழும் விளக்கு எதுவும் இல்லை. மலைத்தேனீ நிலா வெளிச்சத்திலும் பறக்கும், இரவில் விளக்குக்கு வரும்.

தொடக்கத்தில் ஒலிபெருக்கியில் இப்போது ஒரு நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். முகத்தை மூடு, அடிக்காதே, படுக்காதே, தண்ணீரில் குதிக்காதே, ஊரைப் பார்த்து ஓடு என்று ஐந்தே சொல். ஓட வேண்டிய திசையைக் கையைக் காட்டிச் சொல்கிறார்கள். சிறுவர்களை ஒரு முறை ஓடிக் காட்டச் சொல்கிறார்கள்.

தீராத ஒன்று

லாரிச் சாலைப் பிரச்சினை அப்படியே இருக்கிறது. அடிவாரம் ரத்தானால் ஓட்டக்காரர்கள் அந்த 1.2 கி.மீ.யில்தான் போயாக வேண்டும். காலை 6 முதல் 8 வரை லாரிகளை நிறுத்திவைக்கக் காவல் நிலையம் ஒத்துக்கொண்டது. குவாரிக்காரர்கள் ஒரு நாளைக்கு மட்டும் சம்மதித்திருக்கிறார்கள். அடிவாரமும் சாலையும் இரண்டுமே கிடைக்காத நாளில் ஓட்டத்தைக் கண்மாயைச் சுற்றி 6 கி.மீ.யாகச் சுருக்குவது என்றும், அதைப் பதிவு செய்யும்போதே எல்லோருக்கும் சொல்லிவிடுவது என்றும் முடிவாகியிருக்கிறது. 10 கி.மீ.க்குப் பணம் கட்டியவர்கள் இதை ஏற்பார்களா என்பதில் குழுவுக்குள் இன்னும் இரண்டு கருத்து உண்டு.